மொண்ணையான பிட்டைத் தூக்கிப் போடாதீர்கள்

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வர இன்னும் இரண்டே நாள். குளியலறையில் அவர் பிடித்து எழுந்திருக்க எஸ்.எஸ். கைப்பிடி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். சுவரில் வைத்துப் பார்த்தால், அதன் அடித்தட்டில் இருந்த ஓட்டைகள் சரியாக இரண்டு டைல்ஸ் சேரும் இடுக்கில் வந்து நின்றன. தட்டிலேயே வேறு இடத்தில் இரண்டு ஓட்டை போட்டுக்கொள்ளலாம் என்று டிரில் மெஷினில் 6 மி.மீ. பிட்டை மாட்டினேன்.

கீச்சென்று சத்தம். பிறகு புகை. எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனை நீலம் பாய்ந்திருந்தது. தட்டில் கண்ணாடிபோலப் பளபளக்கும் ஒரு சின்னக் குழி மட்டும். அடுத்த பிட்டும் அதே கதி. மூன்றாவதை இன்னும் பலமாக அமுக்கினேன். ஒடிந்து முகத்துக்குப் பக்கமாகத் தெறித்தது. நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன்.

மறுநாள் காலை தட்டையும் பிட்டுகளையும் எடுத்துக்கொண்டு கோவை கணபதியில் எனக்குப் பழக்கமான ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருக்கும் மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தட்டை அவர் பார்க்கவே இல்லை. பிட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஏனுங்க தம்பி, பிட்டு செத்துப்போய்க் கெடக்குது. இதைப் போட்டு அமுக்கினா என்னத்துக்கு ஆகும்?"

கிரைண்டர் பக்கம் போனார். இந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு, அந்தப் பக்கம் ஒரு தேய்ப்பு. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. டிரில்லிங் மெஷினில் மாட்டி, வேகத்தைக் குறைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு இறக்கினார். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தது. அந்தப் பளபளத்த தோல் உடைந்ததும் பிட்டின் இரண்டு பக்கத்திலிருந்தும் வெள்ளிச் சுருள் கிளம்பியது. நான் குப்பையில் போட இருந்த அதே பிட் அது.

"புதுசு வாங்கறது தப்பில்லீங்க. ஆனா இருக்கறதுக்குச் சாணை புடிக்கத் தெரிஞ்சிருக்கோணும்" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து டப்பாவைக் கவிழ்த்தேன். நாற்பதுக்கு மேல் பிட்டுகள். பாதிக்கு மேல் மொண்ணை. ஆசாரியின் உளிக்கும் அடுப்படி அரிவாள்மனைக்கும் சாணை பிடித்துப் பழகிய நாம், டிரில் பிட்டை மட்டும் ஏன் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருளாக்கிவிட்டோம் என்று எனக்குக் கேள்வி வந்தது. இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். ஒரு சாணை மெஷின் வாங்கி மூன்று வருடமாகச் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை முழுதாக எழுதிவிடுகிறேன்.

பிட் எப்படி வெட்டுகிறது?

மெஷினைப் பற்றிப் பேசுமுன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இது புரியாமல் எந்த மெஷின் வாங்கினாலும் பிரயோசனமில்லை.

ஒரு 10 மி.மீ. பிட்டைக் கையில் எடுத்து முனையை நேராகப் பாருங்கள். நடுவில் சாய்வாக ஒரு சின்னக் கோடு தெரியும். அதன் இரு நுனியிலிருந்தும் வெளிப்பக்கமாக இரண்டு விளிம்புகள் போகும். பட்டறையில் அவற்றை லிப் என்பார்கள். உலோகத்தை வெட்டுவது இந்த இரண்டு லிப்தான். நடுக்கோடு ஏறக்குறைய வெட்டுவதே இல்லை. உலோகத்தை நசுக்கி ஒதுக்கித் தள்ளுகிறது. நாம் கை வலிக்க அமுக்கும் அமுக்கில் பெரும்பங்கு இந்த நடுக்கோட்டுக்கே செலவாகிறது. பெரிய ஓட்டைக்கு முன்னால் சின்ன பிட்டால் ஒரு வழி ஓட்டை போடுவதன் காரணம் இதுதான்.

இப்போது பிட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். லிப் உயரமாக இருக்கும். அதன் பின்பக்கம் சரிந்து கீழே இறங்கும். சாதாரண பிட்டில் இந்தச் சரிவு சுமார் 8 முதல் 15 டிகிரி. இந்தச் சரிவுதான் உயிர். பின்பக்கம் லிப்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்திருந்தாலும் லிப் உலோகத்தைத் தொடாது. பின்பக்கம் மட்டும் உரசும், சூடாகும், கீச்சிடும்.

மூன்றாவது, முனைக் கோணம். கடையில் கிடைக்கும் சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) பிட் 118 டிகிரி. எஸ்.எஸ். போன்ற முரட்டு உலோகத்துக்கு வருவது 135 டிகிரி. முனை கொஞ்சம் தட்டையாக இருக்கும், நடுக்கோட்டையும் இரண்டு பக்கம் செதுக்கிக் குறுக்கியிருப்பார்கள். அதை ஸ்ப்ளிட் பாயின்ட் என்பார்கள். ஓட்டை போடத் தொடங்கும்போது வழுக்கி ஓடாமல் நிற்பது இதனால்தான்.

பிட்டைச் சுற்றிப் பள்ளம் ஓடும் இந்த முறுக்கு வடிவம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த ஸ்டீபன் மோர்ஸ் 1863-ல் காப்புரிமை வாங்கியது. அதற்கு முன்பு கொல்லர்கள் இரும்புக் கம்பியின் நுனியைத் தட்டையாக அடித்து, வேல்போலத் தேய்த்துத் துளைபோட்டார்கள். அதில் தூள் வெளியே வர வழி கிடையாது. அடிக்கடி வெளியே எடுக்க வேண்டும். மோர்ஸின் பள்ளம் சுருளைத் தானே மேலே தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இன்னொரு நன்மையும் உண்டு: முனை தேய்ந்தால் கொஞ்சம் அரைத்துவிட்டால் போதும், அதே அளவில் அடுத்த முனை தயார். கைக்கடக்கமான நீளம் இருக்கிறவரை திரும்பத் திரும்ப அரைத்துப் பயன்படுத்தத் தோதான கருவி இது. கூர் போனதும் குப்பைக்கு அனுப்பினால் அதன் ஆயுளில் பெரும்பகுதியை வீணடிக்கிறோம்.

ஏன் மழுங்குகிறது?

என் மெஷின் வெறுமனே சுற்றும்போது நிமிடத்துக்கு 2,800 சுற்று. அதில் 6 மி.மீ. பிட்டை மாட்டினால் அதன் வெளிவிளிம்பு நிமிடத்துக்கு 52 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எஸ்.எஸ். தாங்குவது 12, 15 மீட்டர்தான். அதாவது அந்த பிட் நிமிடத்துக்கு சுமார் 650 முதல் 800 சுற்றில் ஓடியிருக்க வேண்டும். நான் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டியிருக்கிறேன். அந்தத் தட்டில் வெட்டுப்படாமல் உரசின இடம் இன்னும் கடினமாகி, கண்ணாடித் தோல் கட்டிக்கொண்டது. எஸ்.எஸ்.ஸின் குணமே அது. வேகத்தைக் குறை, அழுத்தத்தைக் கூட்டு, எண்ணெய் விடு, சுருள் வராமல் சும்மா சுற்ற விடாதே. இந்த நான்கையும் அன்று தெரிந்திருந்தால் மூன்று பிட்டும் பிழைத்திருக்கும்.

சாதாரண இரும்புக்குக் கணக்கு கொஞ்சம் தாராளம்: 6 மி.மீ. பிட்டுக்கு 1,300 சுற்று, 10 மி.மீ.க்கு 800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிட் தடிக்கத் தடிக்க வேகம் குறைய வேண்டும்.

மழுங்கியதைக் கண்டுபிடிக்க ஒரு வழி: லிப்பை வெளிச்சத்தில் பிடித்து மெல்லத் திருப்புங்கள். கூராக இருந்தால் விளிம்பில் எதுவும் மின்னாது. மழுங்கியிருந்தால் விளிம்பு நெடுக மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். வெளிமூலையை முதலில் பாருங்கள். அங்கேதான் வேகம் அதிகம், அங்கேதான் முதலில் தேயும்.

எந்த மெஷின்?

சந்தையில் நான் கையாண்டு பார்த்தவை மூன்று வகை.

முதலாவது, பிளாஸ்டிக் உடம்போடு வரும் சின்ன மெஷின். மேலே 3 முதல் 10 மி.மீ. வரை வரிசையாக ஓட்டைகள். பிட்டை அதற்கான ஓட்டையில் செருகித் திருப்பினால் உள்ளே இருக்கும் கல் தேய்த்துவிடும். விலை குறைவு. ஆனால் பிட் ஓட்டைக்குள் லேசாக ஆடும். அந்த ஆட்டத்தில் இரண்டு லிப்பும் ஒன்றாக வருவது கஷ்டம். மரத்திலும் மெல்லிய தகட்டிலும் எப்போதாவது ஓட்டை போடுபவருக்கு இது போதும்.

இரண்டாவது, பெஞ்ச் கிரைண்டர் பக்கத்தில் வைக்கும் சாணை ஜிக். பிட்டை ஒரு வாய்க்கால்போன்ற பள்ளத்தில் கிடத்தி, கோணத்தை வைத்து, கல்லின் மேல் வீசி வீசித் தேய்க்க வேண்டும். கிரைண்டர் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குச் சிக்கனமான வழி. பழகக் கொஞ்சம் காலம் பிடிக்கும்.

மூன்றாவது நான் வாங்கியது: காலெட், அதாவது பிட்டைச் சுற்றி இறுகும் பிடி, வைத்த மேஜை மெஷின். 3 முதல் 13 மி.மீ. வரை பிடிக்கும். ஒவ்வோர் அளவுக்கும் தனிக் காலெட் இருப்பதால் பிட் அசையாது. உள்ளே சுற்றுவது சி.பி.என். (கியூபிக் போரான் நைட்ரைடு) சக்கரம், வைரத்துக்கு அடுத்த கடினம் கொண்ட பொருள். வைரமே போடலாமே என்று கேட்பீர்கள். வைரம் என்பது கார்பன். சூடான இரும்பு கார்பனைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அழுத்தித் தேய்த்தால் வைரம் சீக்கிரம் கரையும். அதனால் எச்.எஸ்.எஸ்.ஸுக்கு சி.பி.என்., கார்பைடுக்கு வைரம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மெதுவாகத் தொட்டுத் தொட்டு எடுத்தால் வீட்டு மெஷின்களில் வரும் வைரச் சக்கரமும் உழைக்கும்.

நான் செய்யும் முறை

முதலில் பிட்டைத் துடைப்பேன். எண்ணெயும் தூளும் இருந்தால் காலெட்டில் நேராக உட்காராது. பிட்டின் அளவை வெர்னியரில் அளந்து, அதற்கான காலெட்டை எடுத்துக்கொள்வேன்.

அடுத்து லிப்பின் பின்பக்கச் சரிவு இரண்டிலும் மார்க்கர் பேனாவால் மை பூசுவேன். மெஷினோடு வரும் எந்தப் புத்தகத்திலும் இதை நான் பார்க்கவில்லை, மேஸ்திரி சொல்லித்தந்தது. தேய்த்தபிறகு மை எங்கே போயிருக்கிறது, எங்கே மிச்சமிருக்கிறது என்று பார்த்தால் சக்கரம் எங்கே தொடுகிறது என்பது தெரிந்துவிடும்.

பிறகு பிட்டை மெஷினின் செட்டிங் வாயில் நுழைத்து, லிப் அங்கிருக்கும் தடுப்பில் ஒட்டி நிற்கும்படி திருப்பி, காலெட்டை இறுக்குவேன். மொத்த வேலையில் அதிகக் கவனம் வேண்டிய இடம் இதுதான். இங்கே பிட் இரண்டு டிகிரி திரும்பி நின்றாலும் பின்பக்கச் சரிவு மாறிவிடும். முதல் மாதத்தில் நான் கெடுத்த பிட்டுகள் எல்லாம் இந்தப் படியில் அவசரப்பட்டதால் கெட்டவை. முனை பளபளவென்று அழகாக இருக்கும். இரும்பில் வைத்தால் ஒரு துளியும் இறங்காது. பின்பக்கம் லிப்பைவிட உயர்ந்துபோயிருக்கும்.

கோணத்தை 118-ல் வைத்து மெஷினை ஓடவிட்டு, பிட்டை அரைக்கும் வாயில் நுழைத்து இடமும் வலமுமாக மெல்ல ஆட்ட வேண்டும். சர்ரென்று சத்தம் வரும். அரைபட அரைபடச் சத்தம் தேயும். சத்தம் அடங்கியதும் எடுத்து, அரைச் சுற்று திருப்பி அடுத்த லிப். இரண்டு பக்கத்துக்கும் ஒரே அழுத்தம், ஒரே எண்ணிக்கை. நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே செய்வேன். வெளிமூலையின் தேய்மானம் முழுதாகப் போகும்வரை அரைக்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் பாதி மொண்ணையாகவே இருக்கும்.

கடைசியாக நடுக்கோட்டைக் குறுக்குவது. பிட்டின் நடுத்தண்டு முனையில் மெலிந்தும் பிடிப்பக்கம் போகப்போகத் தடித்தும் இருக்கும். அதனால் அரைத்து அரைத்து பிட் குட்டையாகும்போது நடுக்கோடு நீண்டுகொண்டே போகும், அமுக்கும் அதிகம் தேவைப்படும். பல தடவை சாணை பிடித்த பிட் கூராக இருந்தும் இறங்க மறுப்பது இதனால். மெஷினில் இதற்கென்று இன்னொரு வாய் இருக்கிறது. இரண்டு பக்கமும் லேசாகத் தொட்டு எடுத்தால் போதும்.

சரியாக வந்ததா?

கோணம் பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. ஒரே அளவு அறுகோண நட்டு இரண்டை எடுத்து, தட்டைப் பக்கங்களை ஒட்டவையுங்கள். அவற்றுக்கு இடையில் உண்டாகும் பள்ளம் சரியாக 120 டிகிரி. அதில் பிட்டின் முனையை வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். 118-க்கு அது ஏறக்குறைய ஒட்டி உட்காரும். ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம் கசிந்தால் இரண்டு லிப்பும் ஒரே சாய்வில் இல்லை.

உண்மையான தேர்வு இரும்பில்தான். துண்டு இரும்பு ஒன்றில் ஓட்டை போடுங்கள். இரண்டு பள்ளத்திலிருந்தும் சம அளவில் சுருள் வந்தால் உங்கள் வேலை சுத்தம். ஒரு பக்கம் மட்டும் வந்தால் ஒரு லிப் மட்டுமே உழைக்கிறது. அது சீக்கிரம் மழுங்கும். லிப்புகளின் நீளம் வேறுபட்டால் முனை நடுவிலிருந்து விலகிவிடும், ஓட்டை பிட்டைவிடப் பெரிதாக விழும். 8 மி.மீ. பிட் போட்ட ஓட்டையில் 8 மி.மீ. போல்ட் கடகடவென்று ஆடினால் சந்தேகப்படுங்கள்.

எதைத் தொடக்கூடாது, எதில் கவனம்?

சுவருக்குப் போடும் பிட்டின் முனையில் கார்பைடுத் துண்டு ஒட்டியிருக்கும். சி.பி.என். சக்கரம் அதற்கானது அல்ல. பச்சைக்கல்லோ வைரமோ வேண்டும். கார்பைடை அரைக்கும்போது கிளம்பும் தூளில் கோபால்ட்டும் இருப்பதால் நுரையீரலுக்கு நல்லதல்ல. சுவரை அந்த பிட் பெரும்பாலும் இடித்துத்தான் துளைக்கிறது என்பதால், துண்டு உடையாதவரை நான் அதைச் சாணைக்குக் கொண்டுபோவதில்லை. நடுவில் ஊசிபோல முனை நீண்ட மர பிட்டுக்கும் இந்த மெஷின் ஆகாது. 3 மி.மீ.க்குக் கீழே இருப்பதைப் புதிதாக வாங்கிவிடுங்கள்.

தங்க நிறப் பூச்சு கொண்ட பிட்டை அரைத்தால் முனையில் பூச்சு போய்விடும். பள்ளத்தில் இருக்கும், பிட் நன்றாகவே வெட்டும். ஐந்து சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 பிட்டில் பூச்சு இல்லாமலே கடினம் உடல் முழுவதும் இருப்பதால், அரைத்தபிறகும் அதே தரம். எஸ்.எஸ். வேலை அடிக்கடி இருந்தால் அதை வாங்கிச் சாணை பிடித்துப் பிடித்துப் பயன்படுத்துவதுதான் லாபம்.

அரைக்கும்போது முனை நீலமானால் பயப்பட வேண்டாம். எச்.எஸ்.எஸ். சுமார் 600 டிகிரி செல்சியஸ் வரை கடினத்தை விடாது. அந்தக் குணத்துக்காகத்தான் நூறாண்டுக்கு மேலாக அது நிலைத்திருக்கிறது. ஆனால் சூடான பிட்டைத் தண்ணீரில் முக்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து பிறகு விளிம்பு உதிரும். சூடாகும் முன்பே எடுத்து ஆறவிடுங்கள்.

கண்ணாடி போடாமல் மெஷினைத் தொடாதீர்கள். துணிக் கையுறை வேண்டாம். சுற்றும் கல் அதைக் கையோடு இழுத்துவிடும். பெஞ்ச் கிரைண்டர் என்றால் தாங்கிக்கும் கல்லுக்கும் இடையில் 3 மி.மீ.க்கு மேல் சந்து விடாதீர்கள். கல்லின் பக்கவாட்டில் தேய்க்காதீர்கள். ஓடவிட்ட முதல் நிமிடம் கல்லுக்கு நேராக நிற்காதீர்கள். குழந்தைகளை அறைக்கு வெளியே வையுங்கள்.

வாங்கலாமா?

வருடத்துக்கு நான்கு ஓட்டை போடுபவருக்கு இந்த மெஷின் தேவையே இல்லை. நல்ல பிட் நான்கு வாங்கி வைத்தால் போதும். இரும்பு வேலை தெரிந்து வீட்டில் செய்துகொள்பவர், சின்ன வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், 8, 10, 12 மி.மீ. பிட்டுகளை அடிக்கடி மாற்றுபவர் என்றால் தயங்காமல் வாங்கலாம். பிட் தடிக்கத் தடிக்க விலை ஏறும். மெஷின் தன் விலையைத் திருப்பித் தருவது அங்கேதான். நண்பர்கள் நான்குபேர் சேர்ந்து ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொண்டாலும் நல்லது.

மெஷின் கோணத்தைப் பிடித்துக்கொடுக்கும், பிட்டை ஆடாமல் வைக்கும். லிப் மின்னுகிறதா, பின்பக்கம் இறங்கியிருக்கிறதா, சுருள் இரண்டு பக்கமும் வருகிறதா என்று பார்ப்பது உங்கள் கண். அந்தப் பார்வை வந்துவிட்டால் மெஷின் இல்லாத இடத்தில் வெறும் கிரைண்டரிலும் ஒரு பிட்டைத் தேற்றிவிடலாம். மேஸ்திரி அரை நிமிடத்தில் செய்தது அதைத்தான். நான் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனால் வழி தெரிந்துவிட்டது.

இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டு டூல்ஸ் டப்பாவைத் திறந்து பாருங்கள். மொண்ணையான 10 மி.மீ. பிட் ஒன்றாவது கிடைக்கும். அதை வெளிச்சத்தில் திருப்பி அந்த வெள்ளைக் கோட்டைத் தேடுங்கள். மெஷின் இல்லாவிட்டால் பக்கத்து லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், பெரியவர் ஒருவர் சாணை பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள், சந்தேகம் கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். கேட்க ஆள் வராததால்தான் இந்தக் கைவேலை அவர்களோடு நின்றுகொண்டிருக்கிறது.